வேறு டாக்டரைப் பார்க்கட்டுமா?

அன்புள்ள தம்பிக்கு,

கனெக்டிகட்டில் டாக்டர் வேலை கிடைத்த செய்தி அறிந்து மகிழ்ந்தேன். நீ சேரும் ஜூன் மாதத்தில் மான் உண்ணிகள் மிகுந்திருக்கும். முதல் வாரமே அவை பரப்பும் லைம் நோயோடு ஒருவர் உன் முன்னால் உட்கார்ந்திருப்பார். சிவந்து பரவும் தடிப்போடு வருகிறவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பத்து நாள் டாக்ஸிசைக்ளினில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். சிகிச்சை முடிந்து ஒரு வருடமாகியும் களைப்பும் உடம்பு வலியும் மறதியும் விடாமல், தடித்த ஃபைலோடு வருகிறாரே, அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். "உங்களிடமே தொடரட்டுமா, வேறு டாக்டரைப் பார்க்கட்டுமா?" என்று அவர் ஒருநாள் கேட்பார். பலர் கேட்காமலேயே போய்விடுவார்கள்.

கேட்பவரைச் சந்தேகப்படாதே. டாக்டர்கள் சொன்ன பதிலோடு அடங்கிவிடாத ஒரு தாயால்தான் இந்த நோயே வெளிச்சத்துக்கு வந்தது. கனெக்டிகட்டின் லைம் ஊரில் வாழ்ந்த பாலி மர்ரே, தனக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நோய் என்று பல ஆண்டுகள் அலைந்தார். 1975-இல் மாநிலச் சுகாதாரத் துறையிடம் அவர் முறையிட்ட பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் ஆலன் ஸ்டீர் விசாரிக்க இறங்கினார். கிருமி இன்னதென்று ஆய்வாளர் வில்லி பர்க்டார்ஃபர் காட்டியபோது 1982 ஆகிவிட்டது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். லைம் கிருமியால் வீங்கிய முழங்கால் 28 நாள் மாத்திரையில் வடிந்தது. களைப்பு மட்டும் போகவில்லை. "லைமுக்குப் பிறகு இப்படித்தான் இருக்கும், மெல்லத்தான் தேறும்" என்று எட்டு மாதம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கனிவாகத்தான் சொன்னேன். ஆனால் நான்காவது மாதத்துக்குப் பிறகு அவரைப் பரிசோதனை மேசையில் படுக்க வைத்ததே இல்லை. அவர் பிறகு போய்ப் பார்த்த டாக்டர் முதல் நாளே மனைவியை உள்ளே அழைத்து, இவர் எப்படித் தூங்குகிறார் என்று கேட்டிருக்கிறார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்திருக்கிறது. பிறகு என்னைப் பார்க்க வந்தவர், "உங்களிடம் எப்படிச் சொல்லிவிட்டுப் போவது என்று தெரியாமலே மூன்று மாதம் கடத்திவிட்டேன்" என்றார். அந்த மூன்று மாதமும் அவர் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். இன்றும் அது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

ஆகவே, அந்தக் கேள்வி நோயாளி வாயிலிருந்து வருவதற்கு முன் நீயே கேட்டுக்கொள். புதிதாக வரும் ஒவ்வொரு தொல்லையையும் லைம் கணக்கிலேயே எழுதுகிறேனா? கடைசியாக எப்போது இவரைத் தொட்டுப் பார்த்தேன்? அடுத்த ஆறு வாரத்தில் எது மாறவேண்டும், மாறாவிட்டால் என்ன செய்வேன் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேனா? கடைசிக் கேள்விக்கு உன்னிடம் பதில் இல்லையென்றால் அவர் வேறொருவரைப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. காய்ச்சலும் இரவு வியர்வையும் இருந்தால் பபீசியாவைத் தேடினாயா என்று பார். அதே உண்ணி கொண்டுவரும் கிருமிதான், டாக்ஸிசைக்ளினுக்குக் கட்டுப்படாது. இரண்டு முறை மருந்து கொடுத்தும் முழங்கால் வீக்கம் வடியாவிட்டால் மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்பு. மூன்றாவது முறை நீயே முயலாதே.

அவசரப்பட்டு மாறுகிறவரைத் தடுக்கவும் வேண்டும். மருந்து முடிந்த மறுவாரமே எல்லாம் சரியாகிவிடாது. சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். லைமுக்கான ரத்தப் பரிசோதனை கிருமி போன பிறகும் பல ஆண்டுகள் பாசிட்டிவாகவே காட்டலாம். அதைக் காட்டி "உள்ளே இன்னும் இருக்கிறது" என்று சொல்லி, மாதக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுகிற இடங்கள் உண்டு. தானே விற்கும் மருந்துப் புட்டிகளை மேசைமேல் அடுக்கியிருப்பவர்களும் உண்டு. 2001-இல் அமெரிக்காவிலும் 2016-இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகள், இப்படி நீட்டிய சிகிச்சை போலி மருந்தைவிட அதிகமாக எதையும் தரவில்லை என்றே காட்டின. மருந்து ஏற்றும் குழாய் வழியாக ரத்தத்தில் தொற்று ஏறி உயிரிழந்தவர்களும் இருக்கிறார்கள். இதை அவரிடம் ஒளிக்காமல் சொல். ஆனால் அவர் வலி பொய் என்ற தொனி மட்டும் வந்துவிடக்கூடாது. "எல்லாம் மனசுதான்" என்று சொன்ன டாக்டர்களே பலரை அந்த வாசலுக்கு அனுப்பி வைத்தவர்கள்.

போவதென்று முடிவானால் வெறும் ஃபைலைக் கொடுத்து அனுப்பாதே. முந்நூறு பக்கத்தை எந்த டாக்டரும் படிக்கமாட்டார். மேலே ஒரே பக்கம் உன் கையால் எழுதி வை: உண்ணி கடித்தது எப்போது, எந்த மருந்து எத்தனை நாள், எதில் கொஞ்சம் தேறினார், எதை நீ பார்க்காமல் விட்டாய். அந்தக் கடைசி வரியை எழுதத்தான் கை கூசும். எழுது. ஆறு வாரம் கழித்து நீயே போன் செய்து எப்படி இருக்கிறார் என்று கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்