வெளிச்சம் குறைந்த மாடிகள்

பினாங்கு மாநிலத்தின் தலைநகரான ஜோர்ஜ்டவுனில் எங்கு நின்று பார்த்தாலும் கண்ணில் படுவது கொம்தார் கோபுரம். 1969இல் இந்நகரம் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுக வணிகம் சரிய, வேலையில்லாதோர் பெருகினர். நகருக்குப் புத்துயிர் ஊட்ட எண்ணிய முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூவின் ஆட்சியில், 1974இல் கொம்தாரின் கட்டுமானம் தொடங்கியது. அதற்காகப் பழைய கடைவீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. 1986இல் 65 மாடிக் கோபுரம் நிறைவு பெற்றபோது, நாட்டிலேயே மிக உயரமான கட்டடம் அதுதான்.

கோபுரத்தின் அடியில் இருந்த பேரங்காடிக்கு மக்கள் திரண்டு வந்தனர். அவர்களை ஈர்த்த கடைகளுள் முதன்மையானது யாவோஹான் என்னும் ஜப்பானியப் பல்பொருள் அங்காடி. இத்தகைய பெரிய கடையே ஒரு பேரங்காடியின் அச்சாணி. அதைத் தேடி வருபவர்கள்தாம் போகிற வழியில் காலணி வாங்குவர், கடிகாரம் பழுது பார்ப்பர், தேநீர் அருந்துவர். பெரிய கடை போய்விட்டால் சிறிய கடைகளுக்கு வாடிக்கையாளர் ஏது? 1997இல் ஜப்பானில் யாவோஹான் நிறுவனம் நொடித்துப் போனது.

அடுத்த அடி பினாங்கிலேயே விழுந்தது. 2001இல் கடற்கரையோரம் குர்னி பிளாசா திறக்கப்பட்டது. 2006இல் தீவின் தென்கிழக்கில் குவீன்ஸ்பே மால் வந்தது. கொம்தாரின் அருகிலேயே 2001இல் பிராங்கின் மாலும் 2010இல் ஃபர்ஸ்ட் அவென்யூவும் எழுந்தன. கடைகள் பெருகிய வேகத்தில் மக்கள்தொகை பெருகவில்லை. மேலும், 1999ஆம் ஆண்டு இறுதியோடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்ததால், நகரின் நடுவே குறைந்த வாடகையில் வாழ்ந்த பல குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. நடந்தே கடைக்கு வந்தவர்கள் தொலைவில் போய்விட்டார்கள்.

ஒரு பேரங்காடியில் பத்துக் கடைகள் மூடப்பட்டாலும் நகரும் படிக்கட்டும் குளிரூட்டியும் ஓடத்தான் வேண்டும். அச்செலவு எஞ்சிய கடைகளின் தலையில் விழுகிறது. செலவைக் குறைக்க விளக்குகளை அணைத்தால், கூட்டம் மேலும் குறைகிறது. கடைகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்ட பேரங்காடிகளில் சிக்கல் இன்னும் பெரிது. எந்த மாடியில் எந்தக் கடை அமைய வேண்டும் என்று முடிவெடுக்க அங்கே ஒரே கை இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஒரு கடையை வாங்கியவர், வாடகை வராவிட்டாலும் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். விற்கலாம் என்றாலோ, வாங்க ஆளில்லை.

இந்தச் சரிவுக்கு இணைய வணிகமே காரணம் என்று பலர் கூறுவர். அது பாதி உண்மைதான். ஷாப்பி, லசாடா போன்ற தளங்கள் கைப்பேசியிலேயே கடை விரித்தன. 2020 மார்ச்சில் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அப்பழக்கத்தை வலுப்படுத்தியது. ஆயினும் குர்னியிலும் குவீன்ஸ்பேயிலும் வார இறுதிக் கூட்டம் குறைந்துவிடவில்லை. மக்கள் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. போகும் கடையை மாற்றிக்கொண்டனர்.

வியப்பு என்னவென்றால், பழையன என்று கருதப்பட்ட கடைவீடுகளுக்கு மதிப்பு கூடிவிட்டது. 2008இல் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்ததும் சுற்றுப்பயணிகள் அத்தெருக்களைத் தேடி வந்தனர். லிட்டில் இந்தியாவின் லெபோ பாசாரில் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சேலைக் கடைகளிலும் பலகாரக் கடைகளிலும் நிற்க இடமிருக்காது.

கொம்தாரும் அடங்கிப் போகவில்லை. மாநில அரசு அலுவலகங்கள் இன்னும் அங்கே இயங்குகின்றன. உச்சி மாடிகள் சுற்றுலாத் தலமாகியுள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் மியன்மார், நேப்பாளம், வங்காளதேசத் தொழிலாளர்கள் பேருந்துகளில் வந்து இறங்குகின்றனர். கைப்பேசி வாங்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், தம் நாட்டு உணவை உண்ணவும் அவர்களுக்கு இவ்வட்டாரமே வசதி. ஒரு காலத்தில் பினாங்குக் குடும்பங்கள் புத்தாடை எடுக்க வந்த இடத்தில், இப்போது அவர்களின் மொழிகள் கேட்கின்றன.