இறந்தவரின் சொத்தைப் பொறுப்பேற்பவரின் கடமைகள்

மஞ்சக்குட்டை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து வரும் குடும்பத்தினர், நோயாளி இறந்தபின் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: மருத்துவச் செலவை எந்தப் பிள்ளை ஏற்பது? இறந்தவரின் சொத்தே முதலில் ஏற்க வேண்டும் என்பது சட்டம் தரும் விடை.

அச்சொத்தைப் பொறுப்பேற்பவர் இருவகையினர். உயிலில் பெயர் குறிக்கப்பட்டவர் நிறைவேற்றாளர். உயில் இல்லாதபோது நீதிமன்றம் நியமிப்பவர் நிர்வாகி. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இருவருக்கும் ஒரு வரிசையை வகுத்துள்ளது. ஈமச் செலவும், மருத்துவக் கட்டணம் உள்ளிட்ட மரணப் படுக்கைச் செலவும், இறப்புக்கு முந்தைய ஒரு மாத உணவு, தங்குமிடச் செலவும் எல்லாக் கடன்களுக்கும் முன் நிற்பவை. ஈமச் செலவு இறந்தவரின் நிலைக்கேற்ற நியாயமான தொகையாக இருத்தல் வேண்டும். வட்டிக்கு வாங்கி வைக்கும் கருமாதி விருந்தை அதில் அடக்குவது கடினம் என்பது எங்கள் கருத்து.

அடுத்து நீதிமன்றச் செலவு. அதன்பின், இறப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்தோரின் கூலி. காப்பித் தோட்டக்காரர் ஒருவர் அறுவடைக் காலத்தில் இறந்தால், பழம் பறித்தவர்களின் பாக்கி வங்கியின் சாதாரணக் கடனுக்கும் முந்தியது. மலையில் பலரும் இதனை அறிவதில்லை. எஞ்சிய கடன்களைப் பொறுப்பாளர் தமக்கு வரவேண்டியது உட்பட, சம விகிதத்தில் தீர்க்க வேண்டும். ஓராண்டுக்கு முந்தைய சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு நிலுவை இருப்பின், அதுவும் இவ்வரிசையில்தான் நிற்கும்.

கடன் தீராமல் பங்கு பிரித்துக் கொடுத்தால், அந்த இழப்புக்குப் பொறுப்பாளரே ஈடு செய்ய நேரிடும். கடன் சொத்தை மிஞ்சினால், மிஞ்சிய தொகையை வாரிசுகள் தம் கைப்பணத்திலிருந்து தரவேண்டியதில்லை. ஜாமீன் கையொப்பமிட்டவர், மருத்துவமனைப் படிவத்தில் கட்டணப் பொறுப்பேற்றவர் ஆகியோரின் நிலை வேறு. கையொப்பமிடுமுன் படித்துப் பார்க்க வேண்டும்.

வங்கிக் கணக்கின் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அதனால் மட்டுமே அவர் உரிமையாளராகிவிடுவதில்லை என 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தனிச் சட்டத்தையும் வழக்கத்தையும் சார்ந்தது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆகவே பங்கு பிரிக்குமுன் வழக்கறிஞரை நாடுவது நலம்.

நீதிமன்றம் அதிகாரம் வழங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். மருத்துவமனையில் நேரும் இறப்பை 21 நாள்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. இறப்புச் சான்றிதழில் பல படிகளும், நோயாளியின் பெயர் குறித்த கட்டண ரசீதுகளும் குடும்பத்தினர் கேட்டுப் பெறவேண்டியவை. வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.