தூபகுண்டாவில் சாராயக் கடை மூடிய கதை

மாலை நேரம். வேலை முடிந்தது. கூலி கைக்கு வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து வீட்டுக்கு நடக்கிறார்கள். வழியில் சாராயக் கடை. மூன்று பேர் உள்ளே போகிறார்கள். நாலாவது ஆள் என்ன செய்வார்?

அவருக்கு அன்று குடிக்கும் ஆசை இல்லை. வீட்டில் அரிசி இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் உள்ளே போகிறார். போகாவிட்டால், "பெண்டாட்டிக்குப் பயந்தவன்" என்று கேலி செய்வார்கள். நாளைக்கு வேலைக்குக் கூப்பிடாமல் விட்டுவிட்டால்? அந்தப் பயமும் உண்டு.

குடிக்கிறவர் ஒருவர். அவரைக் குடிக்க வைப்பது கூட இருக்கும் கூட்டம். கல்யாணம் என்றால் குடி. சாவு என்றால் குடி. திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். இதைப் பார்த்து வளரும் பையன், பெரியவன் ஆனால் குடிப்பதுதான் முறை என்று நினைக்கிறான். யாரும் அவனுக்கு உட்கார்ந்து பாடம் சொல்லவில்லை. எப்படி உண்பது, எப்படி உடுப்பது, யாரிடம் பணிவது, எதற்கு வெட்கப்படுவது, இவையெல்லாம் அப்படித்தான் வருகின்றன. வீட்டைப் பார்த்து, தெருவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

பெண்களுக்கும் ஊர் ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தது. "வீட்டுச் சண்டையை வெளியே சொல்லாதே" என்பதுதான் அது. புருஷன் அடித்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடி வாங்கிய பெண் தலையெழுத்து என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படியே நினைத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆனால் ஒருத்தி துக்கம் இன்னொருத்திக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாதது போல் இருக்க வேண்டும்.

ஆந்திரப் பிரதேசத்தில், சென்னைக்கு வடக்கே, நெல்லூர் மாவட்டம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அதற்கு 'அட்சர தீபம்' என்று பெயர். பகலில் வயல் வேலை, இரவில் படிப்பு. கூலி வேலை செய்யும் பெண்கள் பலர் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்களுடைய பாடப் புத்தகத்தில் 'சீதம்மா கதை' என்று ஒரு பாடம் இருந்தது. குடியால் கெட்ட ஒரு குடும்பத்தின் கதை அது. ஊர்ப் பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை எதிர்த்ததும் அந்தக் கதையில் வரும். கதையைப் படித்த பெண்கள் தங்கள் கதையையும் பேசத் தொடங்கினார்கள். வகுப்பில் எல்லாரும் சமம். அங்கே சொன்னால் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தி வீட்டிலும் இதே கஷ்டம்தான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இத்தனை பேருக்கும் ஒரே தலையெழுத்து எப்படி இருக்கும்?

அந்த மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு சிற்றூர். அங்கே ரோசம்மா முதலான பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். முதலில் கள் வண்டியை மறித்தார்கள். சுமார் நூறு பெண்கள் ஊருக்கு வெளியே போய் நின்றார்கள். வண்டிக்காரருடைய நஷ்டத்துக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் தருவதாகவும் சொன்னார்கள். வண்டி திரும்பிப் போனது. பிறகு சாராயப் பாக்கெட்டுகளோடு ஜீப் வந்தது. அதையும் சுற்றி வளைத்தார்கள். திரும்பிப் போகாவிட்டால் கலெக்டரிடம் புகார் செய்வோம் என்றார்கள். கடைக்காரர் கடையை மூடிவிட்டார்.

இதே பெண்கள் தனித்தனியாக நின்றிருந்தால் ஜீப்பை மறித்திருப்பார்களா? ஆட்கள் மாறவில்லை. அவர்கள் யாரோடு உட்கார்ந்து பேசினார்கள் என்பதுதான் மாறியது. முன்பு, வெளியே சொன்னால் வெட்கம். இப்போது, கூட்டத்துக்கு வராமல் வீட்டில் இருந்தால் வெட்கம்.

தூபகுண்டாவில் நடந்ததை அடுத்த பாடப் புத்தகத்திலேயே சேர்த்தார்கள். மற்ற ஊர்ப் பெண்கள் எழுத்துக் கூட்டி அதைப் படித்தார்கள். "அவர்களால் முடிந்தது, நம்மால் முடியாதா?" என்ற பேச்சு எழுந்தது. துடைப்பமும் மிளகாய்ப் பொடியும் எடுத்துக்கொண்டு பெண்கள் கடைகளுக்குப் போனார்கள். பாக்கெட்டுகளைக் கொளுத்தினார்கள். 1992-ல் நெல்லூரில் சாராயக் கடை ஏலத்தையே நடத்த முடியவில்லை. நாள் குறிப்பதும் தள்ளிப் போடுவதுமாக இருந்தது.

சாராயம் விற்ற பணம் அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். அதனால் இது லேசில் முடியவில்லை. போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரியில் எல்லா மதுவுக்கும் தடை வந்தது. ஆனால் 1997-ல் முழு மதுவிலக்கை அரசு எடுத்துவிட்டது. சாராயத் தடை மட்டும் நின்றது. வேறு மதுக் கடைகள் திறந்தன.

பெண்கள் வருத்தப்பட்டார்கள். அது நியாயமான வருத்தம். என்றாலும் வகுப்பில் தொடங்கிய பழக்கம் ஒன்று நிலைத்தது. கடை மூடியபோது கையில் கொஞ்சம் காசு மிஞ்சியது. அதை என்ன செய்வது? ஒருத்தி தனியாகச் சேர்த்து வைத்தால் வீட்டில் யாராவது எடுத்துவிடுவார்கள். அதனால் சேர்ந்தே சேமித்தார்கள். தினம் ஒரு ரூபாய். இந்தத் திட்டத்துக்குத் தெலுங்கில் 'பொதுபு லட்சுமி' என்று பெயர். சேமிப்பு லட்சுமி என்று பொருள். தன் பங்கைக் கட்டாத பெண்ணை மற்றவர்கள் வந்து கேட்பார்கள். மாலையில் கூலியோடு நடந்த அந்த நாலாவது ஆளையும் மற்றவர்கள்தான் கூப்பிட்டார்கள்.

கலந்து பேசுங்கள்: உங்கள் ஊரில் எல்லாரும் செய்வதால் மட்டுமே நீங்களும் செய்கிற செலவு எது? அதை முதலில் நிறுத்துகிறவரை ஊர் என்ன சொல்லும்? இரண்டாவதாக நிறுத்துகிறவரை?