ஏர் ஃபில்டரை நீங்களே மாத்தலாம்... ஆனா பாக்ஸை சரியா மூடினாத்தான் காசு மிச்சம்!

கார் செலவைக் குறைப்பது பற்றிய வீடியோவில் "ஏர் ஃபில்டரை வீட்டிலேயே மாத்துங்க, லேபர் சார்ஜ் மிச்சம்"னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். அது பாதி உண்மைதான். கழட்டுறது யாருக்கும் வரும். திரும்ப மாட்டுற இடத்துலதான் காசு போகும்.

முதல்ல ஒரு தப்பான கணக்கை அழிச்சிடலாம். "ஃபில்டர் அடைச்சா மைலேஜ் போயிடும்"னு எல்லாரும் சொல்வாங்க. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது சரி. ஆனால் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்களைச் சோதித்தபோது, அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பெரிதாக மாறவில்லை. பிக்கப்தான் குறைந்தது. உள்ளே வரும் காற்றைக் கணக்கிட்டு அதற்கேற்ற பெட்ரோலைத்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் விடுகிறது. அதனால புது ஃபில்டர் போட்டு பெட்ரோல் செலவைக் குறைக்கலாம்னு பட்ஜெட் போடாதீங்க.

அப்போ ஃபில்டர் எதுக்கு? இன்ஜினைக் காப்பாத்த. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய 9,000 லிட்டருக்கு மேல் காற்று வேணும். மொட்டை மாடியில இருக்கிற 1,000 லிட்டர் தண்ணி டேங்க் ஒன்பதை நினைச்சுக்கோங்க. அம்பத்தூர் எஸ்டேட் லாரிகளுக்குப் பின்னாடி தினமும் ஆபீஸ் போறவங்களுக்கு அந்தக் காற்று எப்படி இருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். அந்த மண்துகள் சிலிண்டர் சுவரைக் கீறினால், வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். இன்ஜின் வேலைன்னு வந்துட்டா பல மாச எஸ்ஐபி காலி. பாக்ஸில் சின்ன சந்து இருந்தாலே போதும், காற்றோடு தூசியும் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போயிடும்.

நானே இதுல அடி வாங்கியிருக்கேன். ஆவடியில் குடியிருந்தப்போ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் மாத்தினேன். மூடியின் பின்பக்கப் பல் ரெண்டும் அதனதன் ஓட்டையில உட்காரலை. முன்பக்க கிளிப்பை அழுத்திப் போட்டுட்டேன், மேலே இருந்து பார்க்க மூடின மாதிரியே இருந்தது. சென்சார் கனெக்டரையும் மாட்ட மறந்துட்டேன். மறுநாள் காலையில இன்ஜின் லைட்! மிச்சம் பிடிச்சது 250 ரூபாய், ஸ்கேனர் போட்டுப் பார்க்க மெக்கானிக்குக் கொடுத்தது 600. அவர் பாக்ஸைத் திறந்து சரியா மூடிக் கொடுத்ததால அதோடு தப்பிச்சேன்.

இப்போ வேலைக்கு வருவோம். இன்ஜின் ஆஃப் ஆகி, சூடு ஆறியிருக்கணும். கழட்டும் முன்னாடி போனில் நாலு போட்டோ எடுத்துடுங்க, எந்த ஹோஸ் எங்கே போகுதுன்னு அதைப் பார்த்துத்தான் மாட்டப் போறீங்க. இன்ஜினுக்குப் போற குழாய் வாயை சுத்தமான துணியால் மூடுங்க. ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தாலும் கதை முடிஞ்சது. பாக்ஸ் அடியில் இருக்கிற மணல், காய்ந்த இலை, சில அபார்ட்மென்ட்டில் எலி சேர்த்து வெச்ச குப்பை, எல்லாத்தையும் ஈரத்துணியால் துடைச்சு, காய விடுங்க.

பாக்ஸையே கழட்டியிருந்தால், அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷில் அது அழுத்தமா உட்கார்ந்திருக்கணும். பிறகு ஃபில்டர். அதன் ரப்பர் விளிம்பு சுற்றிலும் பள்ளத்துக்குள்ள இருக்கான்னு விரலை ஓட்டிப் பாருங்க. அடுத்து மூடி: முதல்ல பின்பக்கப் பல், அப்புறம்தான் கிளிப் அல்லது ஸ்க்ரூ. கிளிப் அடம் பிடிச்சா பலம் காட்டாதீங்க, பல் உட்காரலைன்னு அர்த்தம். ஹோஸ் கிளாம்ப்பை இறுக்கமா முடுக்குங்க, ஆனா பிளாஸ்டிக் கழுத்து விரியிற அளவுக்கு வேண்டாம். கடைசியா, வைக்கோலைப் போல மறந்து போகிற சின்ன ப்ரீதர் ஹோஸும் சென்சார் கனெக்டரும். கனெக்டர் 'க்ளிக்'னு சத்தம் கேட்கணும். ஸ்டார்ட் பண்ணி 'உஸ்'னு காற்று கசியுதான்னு கேளுங்க.

முன்பக்கமிருந்து காற்று இழுக்கிற குழாயையும் அதன் இடத்தில் மாட்டுங்க. அது உயரத்தில் இருப்பதே தண்ணி ஏறாம இருக்கத்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணியில் நின்றது ஞாபகம் இருக்கும். ஃபில்டர் பாக்ஸுக்குள் தண்ணி போயிருந்தால் சாவியைத் தொடாதீங்க, டோ பண்ணுங்க. ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் கெட்டால், சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பெரும்பாலும் க்ளெய்ம் கிடைக்காது. இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருக்கணும். உங்க பாலிசியில் இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

வாரண்டியில் இருக்கிற வண்டின்னா இந்த வேலையே வேண்டாம், சர்வீஸ் சென்டரிலேயே மாத்தி ரெக்கார்டில் ஏத்திடுங்க. மத்தவங்க, மாத்தின தேதியையும் கிலோமீட்டரையும் செலவு ஷீட்டில் எழுதி வெச்சுட்டு, ரெண்டு வாரம் கழிச்சு மூடியைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் இருக்கிற சுவரை வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைச்சுப் பாருங்க. துணியில் மண் ஒட்டினால் எங்கேயோ சந்து இருக்கு. திரும்ப பின்பக்கப் பல்லில் இருந்து ஆரம்பிங்க.