தெல்தெனிய ஓட்டோக்கார வாசகருக்கு



கடிதம் கிடைத்தது. மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குத் தடித்த ஸ்டெபிலைசர் பார் போட்டதும் அது முடக்குகளில் சாயாமல் ஓடுவதை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸும் அப்படியொன்றை உங்கள் பஜாஜுக்கு வளைத்து, வெல்டிங் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் நீங்கள் பாஸின் பேச்சைத்தான் கேட்பீர்கள். உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

நீங்கள் பார்த்தது கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் 2007இல் கொண்டுவந்த கேன்-ஆம் ஸ்பைடர் வகை. அதற்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. உங்கள் வண்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி. முன் சக்கரங்கள் இரண்டையும் இணைத்து அந்தப் பார் கம்பெனியிலேயே வருகிறது. அதைத் தடித்ததாக மாற்றுவதுதான் வீடியோவில் நடந்தது. சக்கரம் தூக்கப் பார்த்தால் எஞ்சினின் வேகத்தைத் தானே குறைத்து பிரேக்கையும் பிடிக்கும் இலத்திரனியல் ஏற்பாடு வேறு அதில் இருக்கிறது. உங்கள் ஓட்டோவில் அந்த வேலையெல்லாம் உங்கள் தலையில்தான்.

பார் என்பது முறுக்கினால் எதிர்த்து நிற்கும் ஓர் உருக்குக் கம்பி. வண்டி ஒரு பக்கம் சாயும்போது ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போகப் பார்க்கும். கம்பி முறுகி இரண்டையும் சமப்படுத்த இழுக்கும். தடிப்பை 12 மில்லிமீட்டரிலிருந்து 14க்குக் கூட்டினால் விறைப்பு 85 வீதம் ஏறும், ஏனென்றால் அது தடிப்பின் நான்காம் அடுக்கில் போகிற கணக்கு. கண்ணால் பார்த்து ‘கொஞ்சம் தடிப்பாய்ப் போடுவம்’ என்கிற வேலை இல்லை இது. பாஸ் கொங்கிரீட் கம்பியில் செய்தால் அதுவும் முதல் நாள் அதே விறைப்பைத்தான் தரும், அங்கேதான் ஏமாறுவீர்கள். ஸ்பிரிங் உருக்கு முறுகி மீளும்; கொங்கிரீட் கம்பி ஒரு பெரிய குழியில் முறுகினால் முறுகியபடியே நின்றுவிடும். பிறகு நேர் ரோட்டிலும் வண்டி ஒரு பக்கம் சரிந்தே ஓடும்.

சரி, நல்ல கம்பியே கிடைத்ததென்று வைப்போம். ஒரு தாளில் முக்கோணம் ஒன்று கீறுங்கள். உச்சியில் முன் சக்கரம், அடியில் பின் சக்கரங்கள், அவற்றுக்கிடையே 120 சென்டிமீட்டர் என்று வைப்போம். காராக இருந்தால் நடுவிலிருந்து கவிழும் கோட்டுக்கு 60 சென்டிமீட்டர் கிடைக்கும். ஓட்டோ கவிழ்வது முன் சக்கரத்தையும் ஒரு பின் சக்கரத்தையும் சேர்க்கும் சரிவுக் கோட்டின் மேலாக. பாரத்தின் மையம் முன்னிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 40 சென்டிமீட்டர்தான். இறக்கத்தில், முடக்குக்குள் பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னுக்கு ஓடும். ஒடுங்கிய உச்சிப் பக்கம் போகப்போக அந்த 40உம் சுருங்கும். பார் இந்த முக்கோணத்தை ஓர் அங்குலமும் அகலமாக்காது. உடல் வெளிப்பக்கம் சாய்வதைக் குறைப்பதால் சின்ன நன்மை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சாய்வுதான் உங்கள் இடுப்புக்குத் தெரியும் எச்சரிக்கை. அது இல்லாமல் போனால் சக்கரம் தூக்கின பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

(சென்னை ஓட்டோக்காரர் ஒருவர் 2011இல் இரண்டு சக்கரத்தில் 2.2 கிலோமீட்டர் ஓட்டி கின்னஸில் ஏறினார். அது விமான ஓடுதளம். பின்சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கவில்லை.)

உங்கள் ஊர்ப் பக்கத்து ரோட்டையும் யோசியுங்கள். தெல்தெனியவிலிருந்து ஹுன்னஸ்கிரிய தாண்டி மஹியங்கனைக்கு இறங்கும் அந்தப் பதினெட்டு முடக்கு ரோட்டில் ஒருமுறை ஓட்டோவில் போனேன். இடப்பக்க முடக்கொன்றில் உள்சக்கரம் ஒரு நொடி ரோட்டை விட்டது. சாரதி ஒன்றும் பேசவில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மா மட்டும், தோணியில் இருப்பவர் மாதிரி, சட்டென்று இடப்பக்கம் சரிந்தார். அந்த நேரத்தில் எந்தப் பாரையும் விட அவர் செய்த வேலை பெரிது.

அந்த ஓட்டோவின் பின் ஷொக் ஒன்று புதியது, மற்றது எண்ணெய் வடிந்து காய்ந்துபோனது. இறங்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். நம் ரோடுகளில் நான் அதிகம் காணும் குற்றம் இதுதான்: காசு முடை, பழுதான பக்கத்தை மட்டும் மாற்றுவது. ஷொக்கைச் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டு பின் டயரும் ஒரே வகை, ஒரே காற்று. கூரையில் மரக்கறி மூட்டை ஏற்றாதீர்கள். கட்டாயமென்றால் கால் வைக்கிற இடத்தில் வையுங்கள். பிரேக்கை முடக்குக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். சட்டம் ஓட்டோவுக்கு விதித்த 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முடக்கை எடுப்பதற்குப் பதில் 30இல் எடுத்தால் கவிழ்க்கும் விசை 44 வீதம் குறைகிறது. அதற்குச் சல்லிக்காசு செலவில்லை.

இதெல்லாம் செய்தும் சாய்வு குறையவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், பார் கதையைப் பேசுவோம். அதற்கு முன் ஒரு காரியம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் மூலையை ஒரு பக்கம் அழுத்திவிடுங்கள். எழும்பி நின்றால் ஷொக் நல்லது. இரண்டு மூன்று தரம் துள்ளினால் போய்விட்டது. மற்றப் பக்கத்தையும் அப்படியே பாருங்கள். பிறகு ஜக் அடித்து, சக்கரத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கட கட என்றால் சக்கரத்தைத் தாங்கும் ஆமின் புஷ்ஷோ பெயாரிங்கோ தேய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் துள்ளியது, எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை பாஸுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.