மனச்சுமையை இறக்கிவைக்கும் எழுத்து



காலில் முள் தைத்தால் உடனே அமர்ந்து அதனைக் களைகிறோம். காய்ச்சல் கண்டால் மருந்தகத்தை நாடுகிறோம். மனத்தில் துயரம் தைத்தால் மட்டும் என் செய்வதென்று அறியாது நிற்கிறோம். பெரியவர்கள் வாய் திறவாமல் வேலைக்குச் செல்கின்றனர். சிறுவர்களோ அதனைச் சொல்லவும் மாட்டாமல், மறக்கவும் மாட்டாமல், வகுப்பின் கடைசி வரிசையில் தலைகவிழ்ந்து இருக்கின்றனர். அத்துயரை ஓரளவு இறக்கிவைக்க எழுத்து துணைபுரியும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிவப்பு மை செய்த பிழை

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களை 'எங்கள் வீடு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். அனைவரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே எழுதினர். எங்கள் வீடு அழகானது. வீட்டின் முன் பூச்செடிகள் உள்ளன. ஒரு மாணவன் மட்டும் இறுதியில் ஒரு வாக்கியத்தைக் கூட்டியிருந்தான்: 'அடுத்த மாதம் எங்கள் வீடு இறாது.' நான் றகரத்தைச் சுழித்து, மேலே 'ரா' என்றெழுதி, பத்துக்கு ஆறு புள்ளிகள் இட்டு ஏட்டைத் திருப்பித் தந்தேன்.

அத்தோட்டம் விலைபோயிருந்தது. லயத்து வீடுகளை இடிக்க நாளும் குறித்தாயிற்று. அவனுடைய பாட்டி வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே அமர்ந்துவிட்டார். இவை யாவும் எனக்குத் தெரியும். ஆயினும் திருத்தும் வேளையில் எழுத்துப்பிழை ஒன்றே என் கண்ணிற்பட்டது. அதன்பின் அவன் எழுதிய கட்டுரைகளில் பிழை குறைந்தது. ஆனால் அவற்றில் பூச்செடிகள் மட்டுமே இருந்தன. சில வாரங்களில் அக்குடும்பம் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தது. 'இறு' என்னும் வினைக்கு முடிதல், அழிதல் என்னும் பொருள்கள் உண்டு. ஆகவே 'இறாது' எனின் அழியாது எனவும் பொருள்படும். நான் சுழித்த அப்பிழையில்தான் அவன் விருப்பம் இருந்தது எனப் பின்னரே எண்ணினேன். அவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்றும் என்னிடமே இருக்கிறது.

எழுதுவதால் என்ன பயன்?

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாள்கள் எழுதினர். சிலர் சாதாரணச் செய்திகளை எழுதினர். சிலர் தம் வாழ்வின் பெருந்துயரை எழுதினர். நடந்ததையும், அப்போது தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்தவுடன் மகிழவில்லை, வருத்தமே உற்றனர். ஆயினும் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் நோயென்று மருத்துவ நிலையம் சென்றது குறைவாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள், இப்பயன் எல்லார்க்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை என்றும் காட்டுகின்றன. எனவே இதனை மாமருந்து எனக் கொள்ளாமல், கைக்கெட்டிய துணை எனக் கொள்வதே முறை.

உருவமின்றி அழுத்தும் கவலைக்கு எல்லை இல்லை. அதுவே வாக்கியமாகும்போது அதற்குத் தொடக்கமும் முடிவும் அமைகின்றன. நாம் அதனை எட்டி நின்று பார்க்க இயலுகிறது. ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி, 1942ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள், தன் 13ஆம் பிறந்த நாளில் ஒரு நாட்குறிப்பேட்டைப் பெற்றாள். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஈராண்டுக்கு மேல் மறைந்து வாழ்ந்தபோது, அதற்குக் 'கிட்டி' எனப் பெயரிட்டு, தோழியிடம் பேசுவதுபோல எழுதிவந்தாள். அவள் சிறைமுகாமில் மாண்டபின், 1947இல் அஃது நூலாயிற்று.

நமக்கும் இது புதிதன்று. ஏட்டுக் கல்வி பெறாத நம் பாட்டிமார், தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தம் சொந்தத் துயரைத் தாமே சொற்கட்டிப் பாடி ஆறினர்.

எழுதுமுன் அமைதி

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். கத்தி ஆழம் போதாவிடில் பால் நன்கு வடியாது. மிக ஆழ்ந்தால் மரம் காயப்பட்டு, மீண்டு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். ஆகவே வெட்டும்போது கையின் மீதே கருத்து நிற்கும். இவ்வாறு, செய்யும் செயலில் அந்நொடியில் மனம் நிற்பதையே மனவிழிப்பு என்கிறோம். பௌத்தத் தியான மரபில் வேரூன்றிய இப்பயிற்சியை, ஜான் கபட்சின் என்னும் அறிஞர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்.

எழுதுவதற்கும் அதே அளவறிதல் வேண்டும். கீழ்க்காணும் முறையைக் கையாளலாம்.

1. பாதங்கள் தரையில் படும்படி அமர்ந்து, பத்து மூச்சுகளை எண்ணுக. மனம் வேறெங்கேனும் ஓடினால் கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்கே அழைத்து வருக.

2. உள்ளத்தில் இருப்பது யாது? சினமா, அச்சமா, வெட்கமா, ஏக்கமா? அதற்கொரு பெயரிடுக.

3. பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுக. எழுத்துப்பிழையை எண்ணி நிற்கவேண்டா. பொறுக்கமாட்டாத நினைவு வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

4. தன்னைப் பற்றி எழுத நாணுபவர் தன்கதையாக எழுதலாம். 'நான் ஒரு மிதிவண்டி', 'நான் ஒரு குடை' எனத் தேர்வுக்கு எழுதுகிறோம் அல்லவா? 'நான் இடிபடப்போகும் ஒரு வீடு' என எழுதினால், தான் சொல்ல இயலாததை வீடு சொல்லிவிடும்.

5. நாளை செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றையோ, பேசத்தக்க ஒருவரையோ குறித்து முடிக்க. பின் தாளை மடித்து வைக்கலாம், கிழித்தும் விடலாம்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

பிள்ளையின் இசைவின்றி அத்தாளைப் படித்தல் ஆகாது. ஒருமுறை படித்துக் கடிந்தால், மறுமுறை அப்பிள்ளை உண்மையை எழுதான். எழுதப் படிக்க அறியாத பெற்றோரும் கவலை கொள்ளவேண்டா. வேலை முடிந்து வந்தபின் கால்மணி நேரம் குறுக்கிடாமல் கேட்டாலே பெரும் உதவியாகும்.

ஆயினும், பிள்ளை பல நாள்கள் உறக்கமின்றி இருந்தாலோ, உணவை வெறுத்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ எழுதினாலோ, அதனை ஏட்டோடு விட்டுவிடலாகாது. உடனே பள்ளி ஆலோசக ஆசிரியரையும் மருத்துவரையும் நாடவேண்டும். அதில் வெட்கத்திற்கு இடமில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் என் வகுப்பில் இருபது நிமிடம் இதற்கென ஒதுக்குகிறேன். மடித்த தாளை நான் திறப்பதில்லை. அண்மையில் ஒரு மாணவி தானே தாளை விரித்து என் மேசைமேல் வைத்துச் சென்றாள். அதில் மூன்று பிழைகள் இருந்தன. நான் ஒன்றையும் திருத்தவில்லை. அடியில், 'படித்தேன். இடைவேளையில் வா அம்மா, பேசலாம்' என்று மட்டும் எழுதினேன். வந்தாள்.

மாணவச் செல்வங்களே! பிழையற எழுதக் கற்பது மொழிக்கு நாம் ஆற்றும் கடமை. அதனை ஒருபோதும் கைவிடலாகாது. ஆனால் பிழைக்கு அஞ்சி மனத்தை மூடிவைக்கவும் வேண்டா. இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். பத்து மூச்சு அமைதியாக இருங்கள். பிறகு, உங்கள் வீட்டைப் பற்றி உண்மையாக ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.