வாங்கிக்கொள்ளவும் பழகு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் அடுத்த வருடம் ஊழியத்துக்காக வெளிநாடு புறப்படுவதை உன் கடிதத்தில் வாசித்ததும், மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இன்னொரு தடவை வாசி” என்றார். பெட்டியில் என்ன எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

நாங்கள் மலாவிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. எனக்கு 64, மாமாவுக்கு 68. இங்கே எங்கள் பொழுது எப்படிப் போகிறது தெரியுமா? எங்கள் தெருக் குழாயில் விடியுமுன்தான் தண்ணீர் வரும். எழுந்ததும் வாளிகளை நிரப்ப வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் ‘ம்பவுலா’ என்ற கரியடுப்பில்தான் காப்பி. ஜெபம் முடித்து, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு, மாமா மிஷன் ஆஸ்பத்திரி லேபுக்குப் போவார். ரத்தத் துளியில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிக்க அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். நான் நர்சிங் மாணவிகளுக்கு மருந்தளவுக் கணக்கு சொல்லித்தருகிறேன். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஊருக்குப் போன். அப்போது அங்கே மணி ஏழரை. இன்னும் தாமதித்தால் பேரப்பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

இதில் பெரிய சாதனை எதுவும் இல்லை என்று உனக்குத் தோன்றலாம். முதல் வருடம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும், கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தவித்தேன். அந்தத் தவிப்பில் ஒரு தப்புச் செய்தேன். அது உனக்குப் பாடமாக இருக்கட்டும்.

இங்கே ஜனவரி, பிப்ரவரி பசிக்காலம். பழைய மக்காச்சோளம் தீர்ந்திருக்கும். புது அறுவடை ஏப்ரல் வாக்கில்தான். அப்போது பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு மூட்டைச் சோளம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, மழை ஈரம் காயாத ஒரு கட்டுப் பூசணி இலையோடு அவர் வந்தார். முழங்காலை மடக்கி, வலது கையால் இலைக்கட்டை நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றார். மரியாதையாகக் கொடுப்பதற்கு இங்கே அதுதான் முறை. நான், “வேண்டாம், உங்கள் பிள்ளைகளுக்கு ஆக்குங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இரக்கத்தில்தான் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் எங்கள் வாசல் ஏறவில்லை. ‘உன்னிடம் பெற எனக்கு ஒன்றுமில்லை’ என்று நான் சொன்னதாகவே அவருக்குப் பட்டிருக்கிறது.

அந்த நாட்களில் நம் அசரியா அத்தியட்சரை அடிக்கடி நினைத்தேன். வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் அவர் பேசியதைச் சபையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அப்போது அவருக்கு 35 வயது. மேல்நாட்டு மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நட்பும் வேண்டும் என்று அவர்கள் முன்னாலேயே கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்டபோதெல்லாம் நான் அவர் பக்கம்தான் நின்றேன். பூசணி இலையைத் திருப்பி அனுப்பிய அன்றோ, அவர் யாரைப் பார்த்துப் பேசினாரோ அந்த இடத்தில் நின்றிருந்தேன்.

மறு வருடம் மாமாவின் அண்ணன் நாகர்கோவிலில் இறந்துபோனார். அடக்கம் மறுநாளே. போய்ச் சேர வழியில்லை. செய்தி எப்படிப் பரவியதோ, ஒரு மணி நேரத்துக்குள் வாசலில் “ஓடி!” என்று குரல். வாசலில் நின்று கூப்பிடுகிறவர்கள் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதலில் வந்தது அந்தப் பக்கத்து வீட்டு அம்மா. பின்னால் தெருப் பெண்கள். பாயை விரித்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் வெளியே மாமாவோடு உட்கார்ந்தார்கள். ஆறுதல் என்று யாரும் அதிகம் பேசவில்லை. எழுந்து போகவும் இல்லை. ஒவ்வொருத்தியும் சின்னச் சட்டியில் கொஞ்சம் சோளமாவு கொண்டுவந்திருந்தாள். எனக்கு நம் ஊர்ப் பிடி அரிசி ஞாபகம் வந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து ஊழியத்துக்கென்று கலயத்தில் போட்ட நம் பாட்டிமார் ஞாபகம் வந்தது.

நம் களியைப் போல் கிண்டும் ‘ந்சிமா’வுக்கு மணிக்கட்டில் பலம் வேண்டும். எனக்கு அது இல்லை. அந்த அம்மாதான் கிண்டினார். இந்த முறை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். “ஸிக்கோமோ” என்றேன். நன்றி என்று அர்த்தம். அந்த நாளிலிருந்துதான் நாங்கள் இந்தத் தெருக்காரர்கள் ஆனோம்.

மகளே, நீ இளையவள். பலமும் படிப்பும் இருக்கிறது. ‘எனக்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று சொல்ல உனக்கு எளிதாக வரும். எங்களை அதிலிருந்து காப்பாற்றியது வயதுதான். வாளி தூக்கவும், சந்தைக்குப் போகவும், பாஷை பழகவும் யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. உனக்கு அந்தத் தேவை தானாக வராது. நீயாகவே இடம் கொடுக்க வேண்டும். தெரியாததைக் கேள். தருவதைச் சாப்பிடு. உன் துக்கத்தை மறைக்காதே. இங்கே காலையில் ஒருவரை ஒருவர் எப்படி எழுந்தீர்கள் என்று விசாரிப்பார்கள். நலமாக எழுந்தேன், நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்காமல் யாரும் நகர்வதில்லை. அப்படித் திருப்பிக் கேட்பதை எங்கே போனாலும் விடாதே.

உடம்பையும் பார்த்துக்கொள். 1875இல் ராபர்ட் லாஸ் முதலானவர்கள் மலாவி ஏரிக்கரையில் தொடங்கிய முதல் நிலையத்தில் மலேரியாவுக்குப் பலரைப் பறிகொடுத்தார்கள். கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரியும் படுக்காதே. வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் வந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள். அந்நிய ஊரில் முதல் சொந்தம் அவர்தான்.

இனி பெட்டி. இரண்டு வருடத்துக்குக் கண்ணாடி, மாத்திரைச் சீட்டு, வேதாகமம், புளி, பெருங்காயம். சமையல் சாமான் அதற்குமேல் வேண்டாம். அங்குள்ளவர்கள் சமைப்பதைச் சமைக்கக் கற்றுக்கொள். கற்றுக்கொடுக்கிறவள் உன் வீட்டுக்கு வந்துபோவாள்.

வாசலில் குரல் கேட்கிறது. பூசணி இலை பறிக்கிற காலம் இது. எழுந்து போய் வாங்கிக்கொள்கிறேன்.

ஜெபத்தோடு,
உன் அத்தை